குற்றாலம் என்றொரு சேனல்

மைக்செட்காரன் பேசக் கூடாது, மற்றவர்களைப் பேச வைக்க வேண்டும். இது எங்கள் தொழிலின் முதல் பாடம். முப்பது வருஷத்துக்கு மேல் அதைக் கடைப்பிடித்தேன். போன வருஷம் என் காதுக்குள் ஒரு விசில் சத்தம் குடிவந்து, காலி செய்ய மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது. டாக்டர் போதும் என்றார். நானும் ஒலி மிக்சரைக் கைமாற்றிவிட்டு வீட்டோடு இருந்துவிட்டேன்.

இப்போது எங்கள் ஒலி ஒளி அமைப்பாளர் சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று செயலாளர் நச்சரிக்கிறார். காரணம், புதிதாக வந்திருக்கும் ஒரு மிக்சர். கூடத்தின் நடுவில் ஒரு மைக்கை நட்டு வைத்தால், அதுவே அந்த இடத்தைக் கேட்டுப் பார்த்து எல்லாவற்றையும் சரிசெய்துகொள்கிறதாம். "இனிமே நம்ம காதுக்கு என்ன வேலை அண்ணாச்சி? அதைப் பத்தி எழுதுங்க" என்கிறார். எனக்குப் புதுச் சாமான்கள் மேல் பகை ஒன்றும் இல்லை. குழாய் ஸ்பீக்கரைத் தோளில் தூக்கிக்கொண்டு பனைமரத்தில் ஏறியவன் நான். ஒரு விரல் அசைவில் வேலை முடிகிறது என்றால் என்னைவிட யார் சந்தோஷப்படப் போகிறார்கள்? அதனால் மிக்சரைத் திட்டி எழுத மாட்டேன். ஒரு பாடகனைப் பற்றி எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் சுடலைமுத்து அண்ணாச்சியைச் சொல்லிவிட வேண்டும். தென்காசியில் அவருடைய கடையில்தான் ஒயர் சுற்றக் கற்றுக்கொண்டேன். ஒயரைச் சுற்றவும், பல்லைக் கடித்துக்கொண்டு பேச்சு வாங்கவும் சில வருஷங்கள் ஆயின. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு தானாக வந்தது. அண்ணாச்சி குள்ளமான மனிதர், வெள்ளைச் சட்டை, எப்போதும் பாதி மடித்த வேட்டி. ஊரில் எல்லோரும் மைக்கைத் தட்டி "ஹலோ ஒன் டூ த்ரீ" என்று கத்திக்கொண்டிருந்த காலத்தில் அவர் ஒரு தனி வழக்கம் வைத்திருந்தார். எல்லாம் கட்டி முடித்ததும் மேடையேறி, மைக் முன்னால் கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். கூட்டத்தைப் பார்ப்பார். பிறகு, பந்தியில் பக்கத்து இலைக்காரனிடம் கேட்கிற குரலில், "எல்லாரும் சாப்டாச்சா?" என்று கேட்பார்.

முன்வரிசையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள், "ஆச்சு அண்ணாச்சி" என்பார்கள். அதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டார். கடைசி வரிசையிலிருந்து, சைக்கிள்மேல் சாய்ந்து நிற்கிறவன் "ஆச்சு" என்று கத்தும்வரை காத்திருப்பார். பதில் வரவில்லையென்றால் இறங்கி வந்து ஒரு பெட்டியைத் திருப்பி வைப்பார். மறுபடி ஏறி மறுபடி கேட்பார். நிகழ்ச்சிக்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாலும் அவசரப்பட மாட்டார்.

ஒருநாள் எரிச்சலில் கேட்டுவிட்டேன், எதற்கு இந்த விசாரணை என்று. "ஏலே, ஒண்ணு ரெண்டு எண்ணுனா எவன் பதில் சொல்லுவான்? சாப்டாச்சான்னு கேட்டா நம்ம ஊர்க்காரன் பதில் சொல்லாம இருக்க மாட்டான். பதில் சொன்னாத்தான கேட்டுருக்குன்னு தெரியும். முன்னால இருக்கவன் நம்மளப் பாத்துட்டு இருக்கான். கடைசியில நிக்கவனுக்கு நம்ம சத்தம் மட்டும்தாம்ல கெடைக்கும்" என்றார். அவர் போன பிறகு கடை என் பொறுப்புக்கு வந்தது. அந்தக் கேள்வியும் கூடவே வந்தது.

கோயில் கொடை, கல்யாணம், அரசியல் கூட்டம், மெல்லிசைக் கச்சேரி எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில்தான் இந்த ராக் இசைக்குழு வந்தது. இலஞ்சியைச் சேர்ந்த இசக்கிராஜ் என்ற பையன் கிட்டாரோடு கடைக்கு வந்து, "எங்க பேண்டுக்கு நீங்கதான் சவுண்டு பாக்கணும்" என்றான். அப்பா ஓய்வுபெற்ற போலீஸ்காரர். அந்த மிடுக்கு பையனின் பேச்சிலும் இருந்தது. கேட்டானா, உத்தரவு போட்டானா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். டிரம்ஸ் வாசிப்பவள் செல்வி. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை ஏற்றுபவரின் மகள், காலித் தக்காளிப் பெட்டிகளில் தட்டித் தட்டியே தாளம் படித்தவள். பேஸ் கிட்டார் ஜோசப். அவன் பேசி நான் கேட்டது குறைவு. குழுவுக்கு ஐந்தருவி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"மூணு பேருதானலே இருக்கீய, எதுக்கு அஞ்சருவி?" என்றேன்.

"பாடகன் வருதான். அவன் நாலு. நீங்க அஞ்சு" என்றாள் செல்வி. அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

இலஞ்சியில் இசக்கியின் வீட்டு மாடியில் டிரம்ஸ் தட்டினால் தெருவே திரண்டு வந்தது. அதனால் குற்றாலத்தில் நிஜ ஐந்தருவிக்குப் பக்கத்தில் மூடிக் கிடந்த அவன் மாமாவின் லாட்ஜைப் பிடித்தார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் பழைய மேசைகளை ஒதுக்கிவிட்டு ஒத்திகை. சீசன் அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. சாரல் ஜன்னல் வழியே வந்து பெட்டிகள்மேல் படியும். வெளியே அருவி இரையும். பக்கத்தில் நிற்பவனிடம் காபி வேண்டுமா என்று கேட்பதற்கும் கத்த வேண்டும். யாருக்கும் தொந்தரவில்லாத இடம் கிடைத்துவிட்டது என்று எங்களுக்கு ஒரே பெருமை.

பாடகன் பஷீர் வந்து சேர்ந்தது அங்கேதான். அச்சன்புதூர்ப் பையன், ஏசி மெக்கானிக் படிப்பு முடித்தவன். இசக்கி ஒருநாள் அவன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனபோது, ஓட்டிக்கொண்டே இவன் பாடியதைக் கேட்டு, வண்டியை நிறுத்தச் சொல்லி அங்கேயே குழுவில் சேர்த்துக்கொண்டானாம். முதல் நாள் அந்த இரைச்சலுக்கு மேலே அவன் குரல் எழும்பி வந்தபோது எனக்கு முழங்கையில் மயிர் சிலிர்த்தது. கரகரப்பும் கனிவும் ஒரே தொண்டையில். எத்தனையோ பாடகர்களுக்கு மைக் வைத்தவன் சொல்கிறேன், அது எல்லோருக்கும் வாய்க்கிற குரல் இல்லை.

அவனுக்கு ஒரு கெடு இருந்தது. வாப்பா சவுதியில், தம்மாமில் பல வருஷமாக வேலை பார்க்கிறார். மகனுக்கும் அங்கேயே வேலை சொல்லி, விசாவுக்கும் ஏற்பாடு செய்துவிட்டார். "இந்த வருஷம் ஒனக்குப் பாட்டு. அதுல ஒண்ணும் நடக்கலன்னா அடுத்த நோன்புக்கு முன்ன இங்கன வந்துரணும்" என்று சொல்லியிருந்தார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பஷீருக்கு இன்னும் பாரமாக இருந்தது. அவன் போய்விட்டால் ஐந்தருவி அவ்வளவுதான் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

சீசன் மேடைகளில் அவர்கள் பிய்த்து உதறினார்கள். திறந்தவெளி, கூட்டத்தின் கூச்சல், ஐஸ் வண்டி மணி, ஜெனரேட்டர் சத்தம். பஷீர் கண்ணை மூடிக்கொண்டு பாடுவான். நான் தொடக்கத்தில் மேடையேறி "எல்லாரும் சாப்டாச்சா?" என்பேன். கூட்டம் "ஆச்சு" என்னும். இசக்கிக்கு அது பிடிக்காது. "அண்ணாச்சி, இது ராக் ஷோ, கல்யாண வீடு இல்ல" என்று தலையில் அடித்துக்கொள்வான்.

பிறகு திருநெல்வேலியில் ஒரு கல்லூரியின் குளிரூட்டிய அரங்கத்தில் வாய்ப்பு வந்தது. நல்ல அரங்கம். சுவரெல்லாம் துணி பொதிந்து, ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. மாணவர்கள் மரியாதையாக வாயை மூடி உட்கார்ந்திருந்தார்கள். கிட்டார் தொடங்கியது. பஷீர் முதல் வரி பாடினான். இரண்டாவது வரியில் குரல் நடுங்கியது. மூன்றாவது வரி வரவில்லை. அவன் மைக்கை மெதுவாக ஸ்டாண்டில் வைத்துவிட்டு, விருந்தில் பாதியில் எழுந்துபோகிறவனைப் போலத் தலை குனிந்து மேடையை விட்டு இறங்கிப் போனான். நான் பின்னால் போய்ப் பார்த்தபோது சுவரோரம் உட்கார்ந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தான்.

அதன் பிறகு பாட்டைவிடப் பயம்தான் அதிகம் ஒத்திகை பார்க்கப்பட்டது. இசக்கி சட்டங்கள் போட ஆரம்பித்தான். தயிர் கூடாது, ஐஸ் கூடாது, ஒத்திகைக்கு வந்தால் போனை அணைத்துவிட வேண்டும். சட்டம் போட்டவன் நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனி புண்ணாகி, கிட்டார் கம்பி பட்டு எரிச்சலில் துடித்தான். ஜோசப் ஒவ்வொரு பாட்டுக்கு இடையிலும் பாத்ரூமுக்கு ஓடினான். செல்வி தாளத்தை முடுக்கிக்கொண்டே போனாள். மூன்று நிமிஷப் பாட்டு, ரயிலைப் பிடிக்கப் போவதுபோல் முடிந்துவிடும். இன்னொரு மூடிய அரங்கத்திலும் பஷீருக்குத் தொண்டை அடைத்தது. அன்று இசக்கி வாய்விட்டுவிட்டான்.

"நீ சவுதி போறதுக்குச் சாக்கு தேடுத. நேரா சொல்லிட்டுப் போயிரு. எங்களப் போட்டு ஏன் சாகடிக்க?"

செல்விதான் குச்சியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள். "ஏலே இசக்கி, ஒங்கப்பா மாதிரி லாடம் கட்டாத. அவனுக்கு முடியல, தெரியுதுல்லா" என்றாள். அவள்தான் பஷீரைத் தென்காசியில் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனாள். நானும் கூடப் போனேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். இது பதற்றம், நிறையப் பேருக்கு வருவது, கட்டுக்குள் கொண்டுவரலாம் என்றார். மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார், சில வாரங்களுக்கு மாத்திரையும் எழுதினார். "எந்த இடத்துல வருது, எந்த இடத்துல வரலைன்னு கவனிச்சுக்கிட்டே இருங்க" என்றும் சொன்னார். பஷீர் ஒழுங்காகப் போனான். தூக்கம் சரியானது, சாப்பிட ஆரம்பித்தான். ஒத்திகையில் பழைய குரல் திரும்பி வந்தது. இந்த நேரத்தில்தான் சென்னையில் ஒரு பெரிய போட்டிக்கு நாங்கள் அனுப்பிய பாட்டு தேர்வானது. நோன்புக்கு முன்னால் வரும் ஒரு வெள்ளிக்கிழமை. பஷீருக்கு அதுதான் கடைசி வாய்ப்பு.

மழைக்காலம் முடிந்து, தை பிறந்து, அருவி மெலிந்தது. ஒருநாள் போய்ப் பார்த்தால் பாறையில் ஈரம் மட்டும் மினுங்கியது. அன்று ஒத்திகையில், லாட்ஜின் சாப்பாட்டுக் கூடத்திலேயே, எங்கள் நாலு பேர் முன்னாலேயே, பஷீரின் குரல் இரண்டாவது வரியில் நடுங்கி நின்றது.

இசக்கி கிட்டாரை இறக்கி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான். வெளியே ஒரு குரங்கு தகரக் கூரைமேல் ஓடுவது துல்லியமாகக் கேட்டது. செல்வி ஜன்னலைப் பார்த்தாள்.

"தண்ணி நின்னுட்டு" என்றாள்.

"அதுக்கு என்ன இப்ப?" என்றான் இசக்கி.

"இவன் சத்தமில்லாத எடத்துல பாடி நாம யாராவது கேட்டுருக்கோமா? ஊர்ல பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்துல பாடுனான். பைக்ல பாடுனான். இங்கன அருவியில பாடுனான். கூட்டத்துல பாடுனான். ஹால்ல மட்டும்தான நிக்குது? டாக்டரம்மா அதத்தான கவனிக்கச் சொன்னாவ."

எல்லோரும் பஷீரைப் பார்த்தோம். அவன் சொன்னான். "சத்தம் இருக்கும்போது என் குரல் எனக்குள்ளயே இருக்கும் அண்ணாச்சி. சத்தம் நின்னா அது வெளிய போயிருது. வேற எவனோ பாடுத மாதிரி இருக்கு. அவன் தப்பாப் பாடிருவானோன்னு பயமா வருது."

யாருக்கும் தொந்தரவில்லாத இடம் என்று நாங்கள் பெருமைப்பட்ட இடம் செய்த வேலை இது. உலகத்தில் வேறு எந்தக் குழுவாவது இப்படி அருவிக்குள் பாடகனை வளர்த்திருக்குமா தெரியவில்லை. குற்றாலத்துக்காரனுக்குத்தான் இந்தப் புத்தி வரும். ஆனால் அன்று எங்களுக்கு வந்தது சிரிப்பு. முதலில் ஜோசப்தான் சிரித்தான். பிறகு எல்லோரும், பஷீர் உட்பட. காரணம் தெரியாத பயத்தைவிடக் காரணம் தெரிந்த பயம் பாதிதான்.

செல்வியின் போனில் சீசனில் எடுத்த அருவி வீடியோக்கள் இருந்தன. நான் அந்தச் சத்தத்தை மட்டும் பிரித்தெடுத்து, பெண்கள் கூவுவதையும் போலீஸ்காரர் விசிலையும் முடிந்தவரை நீக்கி, பஷீர் காதில் செருகிக்கொள்ளும் மானிட்டருக்குத் தனியாக ஒரு சேனலில் அனுப்பினேன். சபையில் யாருக்கும் கேட்காது, அவனுக்கு மட்டும் அருவி விழும். குரல் உடனே வந்துவிட்டது. மருத்துவரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "ஊன்றுகோல் தப்பில்ல. கொஞ்சம் கொஞ்சமா விட்டுப் பாருங்க" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஒத்திகையிலும் பஷீரே "கொறைங்க அண்ணாச்சி" என்பான். நான் ஒரு நெல்மணி அளவுக்குக் குறைப்பேன். சில நாள் "கூட்டுங்க" என்பான். கூட்டுவேன். அதில் இருவருக்கும் வெட்கமில்லை. இசக்கி தன் சட்டங்களை ஒவ்வொன்றாக வாபஸ் வாங்கினான். ஒருநாள் அவனே பஷீருக்கு மோர் வாங்கிக்கொண்டு வந்து நீட்டினான். மன்னிப்பு என்ற சொல்லைப் போலீஸ்காரர் மகன் வேறு எப்படிச் சொல்வான்?

சென்னை அரங்கம் நான் பார்த்ததிலேயே அமைதியானது. காலடிச் சத்தத்தைக் கம்பளம் விழுங்கிவிடும். அங்கே ஒலிப் பொறுப்பில் இருந்த பெண் கெட்டிக்காரி. என் ஒயர்களை வாங்கி வரிசையாகப் பெயர் எழுதி ஒட்டிக்கொண்டே வந்தார். "கிட்டார், பேஸ், இது என்ன சார்?" என்றார்.

"குற்றாலம்மா" என்றேன். அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் "குற்றாலம்" என்று எழுதி ஒட்டினார்.

எங்கள் முறைக்கு முன்னால் பஷீர் என்னிடம் வந்தான். கை சில்லிட்டிருந்தது. "அண்ணாச்சி, இன்னைக்கு அருவி வேண்டாம். ஆனா விரல அதுமேலயே வச்சிருங்க. நான் திரும்பிப் பாத்தா போட்ருங்க" என்றான். வேண்டாம்டா, இன்றைக்கு எதற்கு விஷப்பரீட்சை என்று வாய்வரை வந்தது. மைக்செட்காரன் பேசக் கூடாது. தலையை ஆட்டினேன்.

மேடையில் நால்வரும் நின்றார்கள். அரங்கம் இருண்டது. எல்லோரும் மரியாதையாக அமைதியானார்கள், பாழாய்ப்போன மரியாதை. செல்வி குச்சியைத் தூக்கிக்கொண்டு அவனைப் பார்த்தாள். பஷீர் தொடங்கவில்லை. அவன் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தேன். என் விரல் குற்றாலத்தின் மேல் இருந்தது. அவன் பாதி திரும்பினான். நான் தள்ளப் போனேன். திரும்பியவன் என்னைப் பார்க்காமல், மறுபடி மைக்கிடம் குனிந்து, பந்தியில் பக்கத்து இலைக்காரனிடம் கேட்கிற குரலில் கேட்டான்.

"எல்லாரும் சாப்டாச்சா?"

இசக்கி அதிர்ந்து நிமிர்ந்தான். அரங்கத்தில் ஒரு சின்னச் சிரிப்பு ஓடியது. முன்வரிசையில் யாரோ "ஆச்சு" என்றார்கள். பஷீர் கையைக் கண்மேல் வைத்து இருட்டுக்குள் பார்த்தான். "கடைசி வரிசையில சத்தமே இல்லையே. அங்கன சாப்டாச்சா?" என்றான். பால்கனியின் கோடியிலிருந்து ஒரு கூட்டம் "ஆச்சு" என்று கத்தியது. கீழே இருந்தவர்கள் கைதட்டினார்கள், விசிலடித்தார்கள், அரங்கம் முழுக்க இரைந்தது. பஷீர் கண்ணை மூடினான். செல்வி குச்சியை இறக்கினாள்.

இரண்டாவது வரி வந்தது. மூன்றாவது வரி வந்தது. நான் விரலை எடுத்துவிட்டேன். பாட்டின் நடுவில் வாத்தியங்கள் எல்லாம் ஓய்ந்து அவன் குரல் மட்டும் தனியாக நிற்கிற ஒரு இடம் உண்டு. அந்த அமைதிக்குள்ளும் அவன் நின்று பாடினான். எனக்குக் கண் நிறைந்து மிக்சரில் ஒன்றும் தெரியவில்லை. நல்லவேளை, பக்கத்தில் அந்தப் பெண் இருந்தார்.

முதல் பரிசு வேறு ஊர்க் குழுவுக்குப் போனது. அதற்கு அவர்கள் தகுதியானவர்கள்தான், இசக்கி இதை ஒப்புக்கொள்ள ஒரு வாரம் ஆனது. ஆனால் நடத்தியவர்கள் எங்களைக் கூப்பிட்டு, அடுத்து பல ஊர்களில் நடத்தப்போகும் நிகழ்ச்சிகளில் ஐந்தருவியும் வர வேண்டும் என்றார்கள். அது இன்றுவரை தொடர்கிறது. பஷீருக்கு இப்போதும் சில இடங்களில் கை சில்லிடும். மூச்சுப் பயிற்சி செய்கிறான், சாப்டாச்சா என்று கேட்டுவிட்டுப் பாடுகிறான்.

அன்று மேடைக்குப் பின்னால் நான் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தபோது அவன் போன் அடித்தது. தம்மாமிலிருந்து வாப்பா. வெள்ளிக்கிழமை, அங்கே லீவு. போட்டியை இணையத்தில் நேரலையாகக் காட்டுகிறார்கள் என்று செல்விதான் அவருக்குச் சொல்லியிருந்தாள், பஷீருக்குத் தெரியாது. எடுத்த அவசரத்தில் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டான். எனக்கும் கேட்டது.

"வாப்பா, பர்ஸ்ட் வரல" என்றான்.

"பாத்தேம்ல. விசாவுக்கு வேற ஆளப் பாக்கச் சொல்லிட்டேன்." அந்தப் பக்கம் ஆட்கள் பேசுவதும் பாத்திரம் உருள்வதும் மட்டும் கேட்டது. பிறகு அவர் குரல் வந்தது. "நீ சாப்டாச்சான்னு கேட்டல்லா, இங்கன ரூம்ல இருக்க அத்தன பேரும் ஆச்சுன்னு சத்தம் போட்டோம். ஒனக்குக் கேட்டுச்சா?"

பஷீர் சுவரில் சாய்ந்துகொண்டான்.

"கேட்டுச்சு வாப்பா" என்றான்.